ஸ்பினெல்லியின் தாள்கள்: ஓர் அரசியல்வாதியின் சொந்த ஆவணங்களில் எதைத் தேடுகிறோம்?

பனையோலை

ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்றை ஒப்பந்தங்களின் பெயர்களாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். 1951 பாரிஸ், 1957 ரோம், 1992 மாஸ்ட்ரிக்ட். கையெழுத்திட்டவர்களின் புகைப்படம் ஒன்று, அதன் கீழே ஒரு தேதி. கையெழுத்து விழாத காகிதங்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவற்றுக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்கு வடக்கே, பொலோன்யா செல்லும் பழைய சாலையோரத்தில் வில்லா சால்வியாத்தி என்ற மாளிகை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் வரலாற்று ஆவணக்காப்பகம் 2012 முதல் அங்கே இயங்குகிறது. ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஆணையம், அமைச்சர்கள் அவை, நாடாளுமன்றம் ஆகியவற்றின் கோப்புகள் 30 ஆண்டுகள் கழிந்தபின் அங்கே ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படுகின்றன. 1983-இல் இயற்றப்பட்ட ஒரு விதி அதற்கு அடிப்படை. அதே மாளிகையில் இன்னொரு வகைச் சேமிப்பும் உண்டு. அரசியல்வாதிகளும் அதிகாரிகளும் இயக்கத்தினரும் வீட்டிலும் அலுவலகத்திலும் சேர்த்து வைத்திருந்த சொந்த ஆவணங்கள் அவை. அல்தியேரோ ஸ்பினெல்லியின் தொகுதி அவற்றுள் ஒன்று.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1907-இல் ரோமில் பிறந்தவர். பதின்ம வயதில் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 1927-இல் முசோலினியின் காவல்துறை கைது செய்தது. பத்தாண்டு சிறை, அதன்பின் போன்சா, வென்டொடேனே தீவுகளில் காவலில் வாழ்க்கை. ஸ்டாலின் தம் எதிரிகள்மீது நடத்திய வழக்குகளை ஏற்க மறுத்ததால் 1937-இல் கட்சியும் அவரை வெளியேற்றியது. அரசும் கட்சியும் கைவிட்ட அந்த மனிதர், 1941-இல் சக கைதி எர்னெஸ்தோ ரோசியுடன் சேர்ந்து ஐரோப்பியக் கூட்டாட்சி வேண்டும் என்று ஓர் அறிக்கை எழுதினார். வென்டொடேனே அறிக்கை என்பது அதுதான். ஹிட்லரின் படை மாஸ்கோவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆண்டு அது. பிற்காலத்தில் 1970 முதல் 1976 வரை ஐரோப்பிய ஆணையத்தின் உறுப்பினர், 1976 முதல் இறக்கும்வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். 1986 மே 23 அன்று காலமானார்.

அவர் கைவைத்தவற்றில் பெரும்பாலானவை நினைத்த வடிவில் நிறைவேறவில்லை. அவருடைய தாள்கள் இத்தனை முக்கியமானவை என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம். ஜெயித்தவர்களின் முடிவுகள் அரசிதழில் இருக்கின்றன. தோற்ற வரைவுகள் எங்கே இருக்கும்? எழுதியவரின் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். அந்த இழுப்பறையை ஒரு காப்பகம் அப்படியே ஏற்றுக்கொள்ளாவிட்டால், தோற்ற யோசனை ஒருபோதும் இருந்ததே இல்லை என்று வரலாறு எழுதப்பட்டுவிடும்.

இதைப் பற்றி நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

வடகரை சேது

பனையோலை ஐயா, உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் அரசியல்வாதியின் சொந்த ஆவணங்கள் என்றாலே எனக்கு எச்சரிக்கை உணர்வு வந்துவிடுகிறது.

எதை வைப்பது, எதைக் கிழிப்பது என்று முடிவு செய்தவர் அவரே. அவருக்குப் பிறகு அவர் குடும்பம். பத்தாண்டு சிறையில் இருந்த ஒருவர் தான் எழுதும் ஒவ்வொரு வரியையும் காவலர் படிப்பார் என்று அறிந்தே எழுதியிருப்பார். ஆணையத்தின் உறுப்பினரான பிறகு, வரலாற்றாசிரியர் படிப்பார் என்று அறிந்து எழுதியிருப்பார். இரண்டிலும் எழுத்துக்கு முன்னால் ஒரு வாசகர் உட்கார்ந்திருக்கிறார்.

ஸ்பினெல்லியின் நாட்குறிப்பு 1948-இல் தொடங்குகிறது. அவர் இறந்த பிறகு மூன்று தொகுதிகளாக அச்சேறியது. ஆணையத்தின் தலைவராக 1977 முதல் 1981 வரை இருந்த ராய் ஜென்கின்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், தம் ஐரோப்பிய நாட்குறிப்பைத் தாம் உயிரோடு இருக்கும்போதே, 1989-இல், வெளியிட்டார். இவற்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்வதா, தற்காப்பு வாதமாக எடுத்துக்கொள்வதா? அமைப்பின் அதிகாரபூர்வக் கோப்பு உணர்ச்சியற்றதுதான். ஆனால் அது யாருடைய பெருமைக்காகவும் எழுதப்பட்டதில்லை.

பனையோலை

சேது ஐயா, கூர்மையான கேள்வி. இரண்டு விஷயங்கள் சொல்கிறேன்.

அதிகாரபூர்வக் கோப்புக்குப் பெருமை இல்லை என்பதை நான் ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். முடிவு இருக்கும். அந்த முடிவுக்கு முன்னால் யார் எழுந்து வெளியே போனார், யார் யாரைத் தாழ்வாரத்தில் மடக்கிப் பேசினார் என்பது இருக்காது. குறிப்பு எழுதுபவரின் கடமையே சண்டையைச் சமன் செய்து எழுதுவதுதான். அமைப்பும் தன் முகத்தைப் பேணிக்கொள்கிறது.

இரண்டாவது, சொந்த ஆவணம் என்றால் நாட்குறிப்பு மட்டும் இல்லை. நாட்குறிப்பை எழுதியவர் திருத்தலாம். தனக்கு வந்த கடிதங்களை எப்படித் திருத்துவார்? வேறொருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மறுப்பை எப்படி மாற்றுவார்? ஸ்பினெல்லியின் தொகுதி இருக்கும் அதே காப்பகத்தில்தான் எமில் நோயெலின் ஆவணங்களும் இருக்கின்றன. 1958 முதல் 1987 வரை ஆணையத்தின் செயலாளராகவும் தலைமைச் செயலாளராகவும் இருந்தவர் நோயெல். கனவு கண்டவரின் பெட்டியும் நிர்வாகம் நடத்தியவரின் பெட்டியும் ஒரே கூரையின் கீழ். ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் படிக்கும்போது உங்கள் எச்சரிக்கைக்குத் தேவையான உரைகல் கிடைத்துவிடுகிறது. ஜென்கின்ஸின் நாட்குறிப்பை அச்சில் படித்துவிட்டு நிறுத்தத் தேவையில்லை, அவருடைய தாள்கள் ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி

காப்பக வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன்.

நீங்கள் இருவரும் "ஆவணம்" என்று சொல்லும்போது ஒற்றைத் தாளை மனத்தில் வைத்துப் பேசுகிறீர்கள். எங்களுக்குத் தாளைவிட அது கிடந்த இடம் முக்கியம். ஒரு கடிதம் எந்த உறையில், எந்தக் கோப்பில், எதற்கு அடுத்து இருந்தது என்பதே பாதிச் செய்தி. அதனால்தான் வெவ்வேறு மனிதர்களின் தாள்களைக் கலக்கக் கூடாது, ஒருவர் வைத்திருந்த வரிசையைக் கலைக்கக் கூடாது என்ற இரண்டு விதிகளையும் எங்களுக்கு முதல் நாளிலேயே சொல்லித் தருவார்கள். குடும்பத்தார் பாசத்தோடு செய்யும் பெரிய சேதம் என்ன தெரியுமா? பெரிய மனிதர்களின் கடிதங்களை மட்டும் தனியே பிரித்து, தேதி வாரியாக அடுக்கி, அழகான அட்டை போட்டுக் கொண்டுவருவார்கள். அந்த நிமிடத்தில் அந்தத் தொகுதி பாதி ஊமையாகிவிடுகிறது.

இதற்கு எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் முன்னோடியான பிரெஞ்சு நிர்வாகி ஜான் மொன்னேயைச் சொல்வேன். 1950 மே 9 அன்று பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் ரோபேர் ஷூமான் வாசித்த அறிவிப்பு எல்லோருக்கும் தெரியும். பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைக்கும் திட்டம் அது. வாசித்தவர் ஷூமான், தயாரித்தவர்கள் மொன்னேயும் அவரோடு இருந்த பால் ரோய்த்தேர், எத்தியேன் ஹிர்ஷ், பியேர் உரி ஆகியோரும். அந்த அறிவிப்புக்கு ஒன்பது வரைவுகள் உண்டு. ஏப்ரல் நடுவில் தொடங்கி மே 6 வரை, மூன்று வாரங்களுக்குள் ஒன்பது. மொன்னே அவற்றைத் தூக்கி எறியவில்லை. பாரிஸிலும் வைக்கவில்லை, பிரஸ்ஸல்ஸிலும் வைக்கவில்லை. தம் தாள்கள் அனைத்தையும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், தாமே 1978-இல் தொடங்கிவைத்த அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார். ஒன்றியத்தில் இன்றுவரை சேராத நாட்டில் அதன் பிறப்புச் சான்றுகள் இருக்கின்றன! வரைவுகளை வரிசையாகப் படித்தால் எந்தச் சொல் எந்த நாளில் உள்ளே வந்தது, எது எப்போது உதிர்ந்தது என்று காணலாம். கடைசி வடிவத்தை மட்டும் வைத்திருந்தால் இது சாத்தியமே இல்லை.

அப்புறம் ஒரு கவலை. 1980-களின் தொலைநகல் தாள்களை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது. வெப்பத்தில் எழுத்து பதியும் அந்தக் காகிதம் சில ஆண்டுகளிலேயே வெளுத்துப்போகும். 1941-இல் மையால் எழுதிய கடிதம் நன்றாக இருக்கும். 1985-இல் வந்த தொலைநகல் வெறும் மஞ்சள் தாளாக இருக்கும். துருப்பிடித்த காகிதப் பிடிப்புகள், கார்பன் பிரதியின் மெல்லிய தாள், இவையெல்லாம் தனிக்கதை. நன்கொடை கிடைத்தவுடன் நகலெடுத்துவிட வேண்டும். பட்டியலிடுவது பிறகு.

மல்லிகா ஆர்.

இவ்வளவு நேரமும் ஆண்களின் பெட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு பெயரை நான் இங்கே வைக்கிறேன்: உர்சுலா ஹிர்ஷ்மான்.

பெர்லினில் 1913-இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். பொருளாதார அறிஞர் ஆல்பெர்ட் ஹிர்ஷ்மான் அவருடைய தம்பி. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் நாட்டை விட்டு வெளியேறினார். இத்தாலிய மெய்யியலாளர் யூஜேனியோ கொலோர்னியை மணந்தார். 1938-இல் கொலோர்னி கைதாகி வென்டொடேனேவுக்கு அனுப்பப்பட்டபோது உர்சுலாவும் அங்கே போய்த் தங்கினார். அவர் கைதி இல்லை என்பதால் நிலப்பகுதிக்குப் போய்வர முடிந்தது. ஸ்பினெல்லியும் ரோசியும் எழுதிய அறிக்கையைக் காவலர்களின் கண்ணில் படாமல் தீவைவிட்டு வெளியே கொண்டுபோனவர்கள் உர்சுலாவும் ரோசியின் மனைவி ஆதாவும்தான். சிகரெட் காகிதத்தில் எழுதப்பட்டது என்றும், பொரித்த கோழிக்குள் மறைத்துக் கொண்டுபோனார்கள் என்றும் கதைகள் உலவுகின்றன. கதை எப்படியிருந்தாலும் பிடிபட்டிருந்தால் அந்தப் பெண்களின் கதி என்ன என்பதில் சந்தேகம் இல்லை.

கொலோர்னி 1944 மே மாத இறுதியில், ரோம் விடுதலையாவதற்குச் சில நாட்களே இருக்கும்போது, பாசிஸ்டுகளால் சுடப்பட்டு இறந்தார். உர்சுலா பின்னர் ஸ்பினெல்லியை மணந்தார். ஆறு பெண்களை வளர்த்தார், மூவர் கொலோர்னியின் மகள்கள், மூவர் ஸ்பினெல்லியின் மகள்கள். 1975-இல் பிரஸ்ஸல்ஸில் "ஐரோப்பாவுக்கான பெண்கள்" என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு இறுதியில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு, பேச்சையே திரும்பக் கற்க வேண்டிய நிலைக்கு வந்தார்.

காப்பகத்தில் "ஸ்பினெல்லி தொகுதி" என்று ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது. ஒரு வீட்டின் தாள்களை ஒருவர் பெயரில் மட்டும் எழுதி வைக்கும்போது, அந்த வீட்டில் இருந்த மற்றொரு அரசியல் வாழ்க்கை அடைப்புக்குறிக்குள் போய்விடுகிறது. ஏட்டுச்சுவடி ஐயா, இதற்கு உங்கள் துறையில் என்ன தீர்வு?

ஏட்டுச்சுவடி

நேர்மையான பதில்: பெயர்ப்பலகையை மாற்றுவது கடினம், விவரக்குறிப்பை மாற்றுவது எளிது. தொகுதி யாரிடமிருந்து வந்ததோ, யார் உருவாக்கியதோ அவர் பெயரில்தான் பதிவாகும். ஆனால் ஒவ்வொரு கோப்பின் விவரத்திலும் அதில் வரும் மனிதர்களின் பெயர்களை ஏற்ற வேண்டும். உர்சுலா என்று தேடினால் அவர் கை பட்ட கோப்புகள் எல்லாம் வரிசையில் வர வேண்டும். பழைய பட்டியல்களில் "குடும்பக் கடிதங்கள்" என்று ஒரே வரியில் அடைத்துவிடுவார்கள். அந்த ஒற்றை வரியைப் பிரித்து எழுதுவதற்கு ஆளும் காலமும் ஒதுக்க வேண்டும். நிர்வாகங்கள் பணம் தர யோசிப்பதும் அதற்குத்தான்.

நெய்தல்

நான் முதுகலை மாணவன். மூத்தவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கேள்வி.

2025 மார்ச் மாதம் இத்தாலியப் பிரதமர் ஜார்ஜியா மெலோனி நாடாளுமன்றத்தில் வென்டொடேனே அறிக்கையிலிருந்து சில பகுதிகளை வாசித்து, இது தன்னுடைய ஐரோப்பா இல்லை என்று சொன்னார். அவையில் பெரும் கூச்சல். தனியார் சொத்தை ஒழிக்க வேண்டும் என்று அறிக்கை சொல்கிறது என்பதும், புரட்சிகரக் கட்சியின் சர்வாதிகாரத்தைக் கேட்கிறது என்பதும் அவர் எடுத்துக்காட்டியவை. அந்த வரிகள் உண்மையிலேயே அதில் இருக்கின்றனவா? இருக்கின்றன என்றால் இவர்களை ஜனநாயகவாதிகள் என்று எப்படிச் சொல்வது?

பனையோலை

தம்பி, மிகச் சரியான இடத்தில் கேட்டீர்கள். ஆவணக்காப்பகம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே விடை.

வரிகள் இருக்கின்றன. சொத்தைப் பற்றிய வாக்கியம் முழுமையாகச் சொல்வது இது: தனியார் சொத்து ஒழிக்கப்படவோ, கட்டுப்படுத்தப்படவோ, திருத்தப்படவோ, விரிவாக்கப்படவோ வேண்டும், ஒவ்வொரு சூழலையும் தனித்தனியே பார்த்துத்தான், கொள்கைப் பிடிவாதத்தால் அல்ல. "விரிவாக்கப்பட" என்ற சொல்லும் அதே வாக்கியத்தில்தான் இருக்கிறது. சோவியத் பாணி உடைமையாக்கலுக்கு எதிராக எழுதப்பட்ட பகுதி அது.

அடுத்து, யார் எழுதியது? அறிக்கையின் மூன்றாம் பகுதியில் சமூகச் சீர்திருத்தம் பற்றிய முதல் பாதி ரோசியின் கை. ரோசி பொருளாதாரப் பேராசிரியர், லுய்ஜி எய்னாவுடி போன்ற தாராளவாதியோடு கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். பிரித்தானியக் கூட்டாட்சிவாதிகளின் நூல்கள் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்ததே எய்னாவுடி வழியாகத்தான். எய்னாவுடி பின்னாளில் இத்தாலியின் குடியரசுத் தலைவரானார். மற்ற பகுதிகள் ஸ்பினெல்லியுடையவை. புரட்சிகரக் கட்சி பற்றிய வரிகளில், கம்யூனிஸ்ட் கட்சியில் வளர்ந்து அதிலிருந்து வெளியேற்றப்பட்ட ஒருவரின் பழைய சொல்வழக்கு அப்படியே கேட்கிறது. அதை நான் மூடி மறைக்க விரும்பவில்லை. அந்த வரிகள் எனக்கும் உவப்பானவை இல்லை. ஆனால் எழுதியவர்கள் எங்கே இருந்தார்கள்? இரண்டு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு தீவில், தேர்தல் என்பதே இல்லாத நாட்டில், கண்டத்தின் பெரும்பகுதி ஹிட்லரின் பிடியில் இருந்தபோது.

மூன்றாவதாக ஒன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்று நாம் படிக்கும் வடிவம் 1944 ஜனவரியில், ஜெர்மானியப் படையின் ஆக்கிரமிப்பில் இருந்த ரோமில், கொலோர்னி இரகசியமாக அச்சிட்டது. முன்னுரை அவருடையது. எழுதியவர்களின் பெயர்களுக்குப் பதில் முதலெழுத்துகள் மட்டும். ஆக ஒரே அறிக்கையில் மூன்று கைகள். "ஸ்பினெல்லி சொன்னார்" என்று ஒற்றை வரியை உருவி வாசிப்பவரும் சரி, அதே அறிக்கையைப் புனித நூலாகத் தூக்கிப் பிடிப்பவரும் சரி, அந்தக் கைகளைப் பிரித்துப் பார்ப்பதில்லை.

வடகரை சேது

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கவனியுங்கள், நீங்கள் இப்போது செய்தது அச்சிட்ட பிரதியை வைத்துத்தான். சொந்தத் தாள்கள் இல்லாமலேயே இவ்வளவு சொல்ல முடிகிறதே!

பனையோலை

ரோசி எழுதியது எந்தப் பகுதி என்று நமக்கு எப்படித் தெரியும், ஐயா? அச்சிட்ட பிரதி அதைச் சொல்லவில்லை. எழுதியவர்கள் விட்டுச்சென்ற நினைவுகளும் கடிதங்களும்தான் சொல்கின்றன.

இன்னொரு நிகழ்வைச் சொல்கிறேன். 1951-இல் ஐரோப்பிய ராணுவம் ஒன்றை உருவாக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. பொதுவான அரசு இல்லாமல் பொதுவான ராணுவம் எப்படி என்று கேட்டு ஸ்பினெல்லி இத்தாலியப் பிரதமர் தே கஸ்பெரிக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். தே கஸ்பெரி அந்த வாதத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோனார். 1952 மே 27-இல் கையெழுத்தான ஐரோப்பியப் பாதுகாப்புச் சமூக ஒப்பந்தத்தில் 38-ஆம் பிரிவு இப்படித்தான் நுழைந்தது. கூட்டாட்சி அமைப்பு ஒன்றை ஆராயும் பொறுப்பை அது அந்தச் சமூகத்தின் வருங்கால அவைக்குக் கொடுத்தது. 1953 மார்ச்சில் ஐரோப்பிய அரசியல் சமூகத்துக்கான வரைவுகூடத் தயாராகிவிட்டது. 1954 ஆகஸ்ட் 30 அன்று பிரெஞ்சு தேசிய அவை 319-க்கு 264 என்ற வாக்கில் எல்லாவற்றையும் ஒரே நாளில் கவிழ்த்துவிட்டது.

அதிகாரபூர்வக் கோப்பில் 38-ஆம் பிரிவு இருக்கும். அதன் பின்னால் எந்த அரசுப் பதவியும் இல்லாத ஓர் இயக்கவாதியின் குறிப்பு இருந்தது என்பதை அறிய, ஸ்பினெல்லியின் தாள்களோ தே கஸ்பெரியின் தாள்களோ வேண்டும். அந்தக் குறிப்பு அரசு ஆவணம் இல்லை. ஒரு குடிமகன் பிரதமருக்கு எழுதியது.

சட்டநெறி

நான் வழக்கறிஞர். காப்பகத்துக்குத் தாளைக் கொடுத்துவிட்டால் எல்லாம் பொதுச்சொத்து என்று நினைப்பவர்கள் பலர். அது சரியில்லை.

தாள் ஒருவருக்குச் சொந்தம், அதில் உள்ள எழுத்தின் உரிமை இன்னொருவருக்குச் சொந்தம். ஸ்பினெல்லிக்கு வந்த கடிதங்களின் தாள் அவர் வாரிசுகளுடையது. அதன் வாசகங்களின் பதிப்புரிமை எழுதியவருடையது, பின்னர் எழுதியவரின் வாரிசுகளுடையது. இத்தாலியின் 1941-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 93-ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. அந்தரங்கத் தன்மையுள்ள கடிதத்தை வெளியிட எழுதியவர், பெற்றவர் இருவரின் சம்மதமும் வேண்டும். இறந்துவிட்டால் துணைவரும் பிள்ளைகளும் சம்மதிக்க வேண்டும்.

அதே நேரம் 2004-ஆம் ஆண்டுப் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் வேறொரு பக்கத்தில் காவல் நிற்கிறது. வரலாற்று முக்கியத்துவம் உடையது என்று அறிவிக்கப்பட்ட தனியார் ஆவணத் தொகுதியை உரிமையாளரே துண்டாடக் கூடாது. சகோதரர்கள் வயலைப் பங்கிடுவதுபோலப் பெட்டிகளைப் பங்கிட முடியாது. எனக்கு மிகவும் பிடித்த சட்டப்பிரிவுகளில் இது ஒன்று. ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன "கலைக்காதே" என்ற தொழில்நெறியை ஒரு நாட்டின் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அரசுக் காப்பகங்களில் உணர்வுநுட்பமான தனிப்பட்ட தகவல் உள்ள ஆவணங்கள் அங்கே 40 ஆண்டுகளுக்கு மூடப்படும், உடல்நலம், குடும்ப அந்தரங்கம் போன்றவை 70 ஆண்டுகளுக்கு. மல்லிகா அம்மா, உர்சுலாவின் நோய்க்காலக் கடிதங்களைப் போன்றவை விரிவாகப் பட்டியலிடப்பட வேண்டும் என்று கேட்கும்போது இந்தப் பக்கத்தையும் நினைவில் வையுங்கள்.

மல்லிகா ஆர்.

நினைவில் வைக்கிறேன், ஐயா. நோய்க்குறிப்பை நான் கேட்கவில்லை. 1975-இல் அவர் எழுதிய அமைப்பு அறிக்கைகளையும், பெண்களைக் கூட்டுவதற்காக அனுப்பிய அழைப்புகளையும் கேட்கிறேன். அவை அந்தரங்கம் இல்லை, அரசியல். பெண்ணின் தாள் என்றால் குடும்ப அந்தரங்கம், ஆணின் தாள் என்றால் பொது வரலாறு என்று பிரிக்கும் பழக்கம் பட்டியல்களில் நெடுங்காலம் இருந்திருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

சட்டநெறி

அப்படியென்றால் முழுமையாக ஏற்கிறேன்.

நெய்தல்

பனையோலை ஐயா, தோற்ற வரைவுகளைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னீர்கள். அவற்றுள் ஒன்றை எடுத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்றால் எதைப் பரிந்துரைப்பீர்கள்?

பனையோலை

தயங்காமல் சொல்வேன், ஐரோப்பிய ஒன்றியத்தை நிறுவுவதற்கான 1984-ஆம் ஆண்டு வரைவு ஒப்பந்தம்.

1979-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். ஆனால் அந்த அவைக்கு அதிகாரம் குறைவு. 1980 கோடையில் ஸ்பினெல்லி சக உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்: அரசுகள் சீர்திருத்தம் செய்யும் என்று காத்திருப்பதை விடுவோம், நாமே எழுதுவோம். ஒரு சிலர்தான் பதில் எழுதினார்கள். அவர்கள் ஸ்ட்ராஸ்பூரில் "முதலை" என்ற பெயருடைய உணவகத்தில் கூடினார்கள். "முதலைக் கழகம்" என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வெவ்வேறு கட்சிகள், வெவ்வேறு நாடுகள். அங்கிருந்து நாடாளுமன்றத்தின் அமைப்பு விவகாரக் குழு பிறந்தது. தலைவர் மவுரோ ஃபெர்ரி, வரைவை ஒருங்கிணைத்து அவையில் முன்வைக்கும் பொது அறிக்கையாளர் ஸ்பினெல்லி. 1984 பிப்ரவரி 14 அன்று வரைவு ஒப்பந்தம் 237 வாக்குகள் ஆதரவாகவும் 31 எதிராகவும் நிறைவேறியது. 43 பேர் வாக்களிக்காமல் விலகி நின்றார்கள்.

அந்த வரைவின் 82-ஆம் பிரிவைப் படியுங்கள். எல்லா நாடுகளும் ஒப்ப வேண்டியதில்லை. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கைக் கொண்ட பெரும்பான்மை நாடுகள் ஏற்றால், நடைமுறைக்கு வருவது எப்படி, எப்போது என்பதை அந்த நாடுகளின் அரசுகள் கூடி முடிவு செய்யலாம். ஒருவர் கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தும் முறையை உடைக்கத் துணிந்த பிரிவு அது. அரசுகள் அதைத் தொடவே இல்லை. அவர்கள் கையெழுத்திட்டது 1986-இன் ஒற்றை ஐரோப்பியச் சட்டம் என்ற ஒப்பந்தம், மிகவும் சுருங்கிய வடிவம்.

1983 செப்டம்பரில், வரைவு இன்னும் விவாதத்தில் இருந்தபோதே, ஸ்பினெல்லி அவையில் ஒரு முதிய மீனவனின் கதையை நினைவூட்டியிருந்தார். தன் வாழ்நாளின் மிகப் பெரிய மீனைப் பிடித்த மீனவன், கரைக்கு வரும்போது சுறாக்கள் தின்றதுபோக எலும்பை மட்டும் கொண்டுவந்து சேர்க்கிறான். நமக்கும் அது நேரக் கூடாது என்று எச்சரித்தார். ஒற்றை ஐரோப்பியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1987 ஜூலையில். அதற்கு ஓராண்டுக்கு முன்பே அவர் இறந்துவிட்டார். ஒன்றியக் குடியுரிமை ஒன்று, ஒன்றியம் எதைச் செய்யலாம், நாடுகளுக்கு எதை விட வேண்டும் என்ற நெறி இன்னொன்று, இந்த இரண்டும் 1984 வரைவில் இருந்தவை. 1992-இல் மாஸ்ட்ரிக்டில் அவை சட்டமாயின. எலும்பென்று நினைத்ததில் சதை ஒட்டிக்கொண்டிருந்தது.

வடகரை சேது

இதை ஏற்கிறேன். என் எச்சரிக்கை அப்படியே இருக்கிறது, ஆனால் அது ஆவணத்தைத் தள்ளிவைப்பதற்கான காரணம் இல்லை, ஒன்றோடு நிறுத்தாமல் பலவற்றைப் படிப்பதற்கான காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன். ஒரு கோரிக்கை மட்டும். 1984 வாக்கெடுப்பில் எதிர்த்த 31 பேரின் தாள்களையும் யாராவது தேடிச் சேர்க்க வேண்டும். ஆதரித்தவர்கள் பெரும்பாலும் தங்கள் காகிதங்களைப் பாதுகாத்து வைத்திருப்பார்கள். எதிர்த்தவர்களுக்கு அதை வைத்துக்கொள்ளக் காரணம் இருந்திருக்காது.

ஏட்டுச்சுவடி

சேது ஐயாவின் கோரிக்கையை வழிமொழிகிறேன். சேகரிப்பு என்பது கொடுக்க முன்வருபவரிடமிருந்து மட்டும் பெறுவதாக இருந்தால் காப்பகம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். ஃபிளாரன்ஸ் காப்பகத்தில் கூட்டாட்சி இயக்கத்தினரின் தொகுதிகள் வளமாக இருக்கின்றன. அந்த வளமே ஆய்வாளரை ஒரு திசையில் இழுக்கக்கூடியது.

நெய்தலுக்கு: தொகுதிகளின் பட்டியல் இணையத்தில் திறந்தே இருக்கிறது. முதலில் தொகுதியின் முன்னுரையைப் படியுங்கள், தாள்கள் யாரிடமிருந்து எப்படி வந்தன என்று அதில் இருக்கும். பிறகு கோப்பின் தலைப்புகள், தேதிகள். தேவையான கோப்பின் எண்களைக் குறித்துக்கொண்டு, கொடுத்தவரின் நிபந்தனை ஏதும் உண்டா என்று காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இத்தாலியம் அல்லது பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். மேற்கோள் எடுக்கும்போது கோப்பு எண்ணைத் தவறாமல் எழுதுங்கள். எண் இல்லாத மேற்கோளை அடுத்தவர் சரிபார்க்க முடியாது.

நெய்தல்

நன்றி ஐயா. பட்டியலைத் திறந்து வைத்திருக்கிறேன். பிரெஞ்சு கொஞ்சம் தெரியும், இத்தாலியம் தெரியாது.

பனையோலை

அப்படியானால் இதைக் கூட்டாகச் செய்யலாம். 1983 செப்டம்பர் முதல் 1984 பிப்ரவரி வரை எடுத்துக்கொள்வோம். அச்சான நாட்குறிப்பின் மூன்றாம் தொகுதி 1976 முதல் 1986 வரையிலான காலத்தைக் கொண்டது, அதில் அந்த மாதங்கள் வந்துவிடுகின்றன. நாடாளுமன்ற விவாதங்களும் அச்சில் உள்ளன. அவையில் பேசியது ஒரு பக்கம், அன்றிரவு எழுதியது மறுபக்கம் என்று வைத்துப் படித்து, முரண்படும் இடங்களை மட்டும் இந்த இழையில் பதிவோம். பிறகு அந்த இடங்களுக்கான கோப்புகளைக் காப்பகப் பட்டியலில் தேடலாம். இத்தாலியம் தெரிந்தவர்கள் முன்வாருங்கள்.

மல்லிகா ஆர்.

இத்தாலியம் எனக்குத் தெரியும், செப்டம்பரை நான் எடுத்துக்கொள்கிறேன். பிப்ரவரியோடு நிறுத்த வேண்டாம். 1984 மே 24 அன்று பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மித்தராங் ஸ்ட்ராஸ்பூரில் அந்த வரைவை ஆதரித்துப் பேசினார். அது பிரெஞ்சில் இருக்கிறது, நெய்தல் தம்பி அதைப் பார்க்கட்டும். அந்த வாரங்களில் வந்த கடிதங்களில் யாருடைய பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன என்று தனியாக ஒரு பட்டியல் எழுதிவருகிறேன்.

வடகரை சேது

எதிர்த்துப் பேசியவர்களின் உரைகளை நான் படிக்கிறேன்.